ஊறுகாயின் மேல் போட்ட பழி

எனக்குப் பிரஷர் ஏறிய காலத்தில் நான் என்ன சாப்பிட்டேன் என்று கேட்காத ஆள் சூலூரில் இல்லை. பிரஷர் எவ்வளவு என்று கேட்டவர்கள்தான் இல்லை. மூன்றரை வருடம் ஆகிவிட்டது, இன்னும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

நான் ஒரு பம்பு கம்பெனியில் உதிரி பாகங்களைச் சோதிக்கும் வேலை பார்க்கிறேன். லேத்திலிருந்து வரும் ஒவ்வொரு ஷாஃப்டையும் மைக்ரோமீட்டரில் பிடித்துப் பார்த்து, மயிரிழை கூடினாலும் சிவப்பு மையில் கோடு போட்டுத் திருப்பி அனுப்புவேன். "பார்க்க நல்லாத்தானுங்க இருக்குது" என்று லேத்காரர்கள் கெஞ்சுவார்கள். பார்க்க நன்றாக இருப்பது வேறு, அளவு சரியாக இருப்பது வேறு என்று அவர்களுக்குப் பாடம் நடத்துவேன். ஊருக்குத்தான் உபதேசம் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து, முப்பத்தொரு வயதில் உண்டானேன். ஆறாம் மாதம் கோயமுத்தூரில் சோதனைக்குப் போனபோது பிரஷர் கொஞ்சம் ஏறியிருப்பதாக டாக்டரம்மா சொன்னார். ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். கால்சியம் மாத்திரையை விடக்கூடாது, பால், முட்டை, பருப்பு, கீரை எதையும் குறைக்கக்கூடாது என்றார். உப்பை அடியோடு நிறுத்த வேண்டியதில்லை, அப்பளம் ஊறுகாயில் மட்டும் கையை அடக்கினால் போதும் என்றார். கடைசியாகப் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து ஒன்று சொன்னார். வீட்டில் ஒரு மெஷின் வாங்கிக் காலையும் மாலையும் பிரஷர் பார்த்துக் குறிக்க வேண்டும். நூற்றைம்பதைத் தொட்டாலோ, தலை வலித்தாலோ, கண்ணில் மின்னினாலோ, முகமும் கையும் வீங்கினாலோ அப்போதே கிளம்பி வந்துவிட வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் இந்த ஒன்றை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டார்கள். தும்பை விட்டு வாலைப் பிடிப்பதில் எங்கள் குடும்பத்தை மிஞ்ச ஆள் கிடையாது.

மாமியார் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் ஒரு சண்டை போட்டிருப்பேன். 'கண்ணு' என்று கன்னத்தைத் தடவிக்கொண்டே பேசுபவரிடம் எப்படிச் சண்டை போடுவது? அன்று மாலையே என் உப்பை நிறுத்தினார். சோற்றில் இல்லை, குழம்பில் இல்லை, மோரிலும் இல்லை. இரண்டு வாய்க்கு மேல் இறங்காமல் தட்டை நகர்த்தினால் பார்லித் தண்ணீர்ச் சொம்போடு வந்து நிற்பார். முட்டை சூடு என்று நின்றது. கால்சியம் மாத்திரை தின்றால் பிள்ளை பெருத்து ஆபரேஷனாகிவிடும் என்று பக்கத்து வீட்டில் யாரோ சொன்னதில் அதுவும் நின்றது. கோபியிலிருந்து என் அம்மா தினமும் போன் போட்டு, இரண்டு உயிருக்குச் சாப்பிடு, நெய்யை ஊற்றிச் சாப்பிடு என்பாள். சம்பந்திகள் இருவரும் எதிரெதிராகச் சொன்னாலும், போனில் பேசிக்கொள்ளும்போது "நீங்க சொன்னாச் சரிதானுங்க" என்பார்கள். என் வீட்டுக்காரர் இரண்டு பக்கமும் தலையாட்டினார். நானும்தான் ஆட்டினேன்.

வீட்டுக்காரர் வாங்கி வந்திருந்த பிரஷர் மெஷின் ஒன்றுதான் தலையாட்டவில்லை. நூற்று முப்பத்தெட்டு, நூற்று நாற்பத்திரண்டு, நூற்று நாற்பத்தாறு என்று அது தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. நான் சத்தமாகப் படிப்பேன். மாமியாரின் முகம் சுருங்கும். ஒரு காலையில் மெஷினைக் காணவில்லை. கேட்டேன்.

"அதைப் பார்க்கப் பார்க்கத்தான் கண்ணு பயத்துல ஏறுது. கட்டுச்சோறு முடியட்டும், எடுத்துக் குடுக்கறேன்" என்றார்.

பீரோவில் பட்டுச்சேலைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டியிருந்தார். ஏழாம் மாதம் பிறந்த வீட்டார் ஐந்து வகைச் சோறு கட்டிக்கொண்டு வந்து, விருந்து போட்டு, வளையல் பூட்டி, பெண்ணை அழைத்துப் போவதுதான் கட்டுச்சோறு. அதற்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அந்த ஒன்பது நாளில் மெஷினை நான் கேட்டு வாங்கியிருக்கலாம். கடைக்குப் போய் இன்னொன்று வாங்கியிருக்கலாம். செய்யவில்லை. எண்ணைப் பார்க்காத அந்த முதல் காலை எனக்கும் நிம்மதியாக இருந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை.

ஆறாம் நாளோ ஏழாம் நாளோ ஆஸ்பத்திரியிலிருந்து நர்சம்மா போனில் கூப்பிட்டார். தலைவலி இருக்கிறதா, பிரஷர் எவ்வளவு என்று கேட்டார். அன்று காலையிலிருந்தே நெற்றிப்பொட்டு இரண்டும் தெறித்துக்கொண்டிருந்தது. எதிரில் மாமியார், யார் யாருக்கு அழைப்புச் சொல்லியாயிற்று என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். "இல்லீங்க, நல்லா இருக்கறனுங்க" என்றேன். மெஷின் பீரோவுக்குப் போவதற்கு முன் கடைசியாகப் பார்த்த எண்ணை, அன்று காலையில் பார்த்ததுபோலச் சொன்னேன். கம்பெனியில் ஒருவன் இப்படி அளக்காமல் அளவு எழுதினால் அன்றைக்கே அவன் கதை முடிந்திருக்கும்.

கட்டுச்சோற்று நாளில் கோபியிலிருந்து வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தக்காளிச் சோறு, தயிர்ச் சோறு. ஒரு மாதம் உப்பைக் கண்ணில் காட்டாத மாமியார், நல்ல நாளும் அதுவுமாக ஒன்றும் ஆகாது என்று தன் கையாலேயே மாங்காய் ஊறுகாயை இலையில் வைத்தார். செத்துக்கிடந்த நாக்கு. விரலை நக்கிச் சாப்பிட்டேன். அதை அத்தனை பேரும் பார்த்தார்கள்.

பிறகு வளையல். கோயமுத்தூர் டவுன்ஹால் பக்கம் வளையல் கடை வைத்திருக்கும் அம்மாவிடம்தான் எங்கள் வீட்டில் எல்லா விசேஷத்துக்கும் வாங்குவது. முஸ்லிம் குடும்பம், மூன்று தலைமுறையாக அதே தொழில். இரண்டு மாதம் முன்பு என் கையை அளவெடுத்துப் போயிருந்தவர், அன்று வளையல் பூட்ட அவரே வந்திருந்தார். முதல் வளையல் விரல் முட்டியைத் தாண்டவில்லை. சோப்புத் தண்ணீர் தடவினார், அப்போதும் போகவில்லை. தாய்வீட்டு நெய் வேலை செய்கிறது என்று யாரோ சொல்ல, கூட்டம் சிரித்தது.

அவர் சிரிக்கவில்லை. என் புறங்கையில் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தார். குழி விழுந்தது. மூடவில்லை.

"இது சதை இல்லீங்க அம்மணி, நீருங்க" என்றார். "தலை வலிக்குதுங்களா?"

என் கண் தானாக மாமியார் பக்கம் போயிற்று. வாய் "இல்லீங்க" என்றது. பெரிய அளவு வளையல் இருந்தால் போடச் சொல்லி அம்மா அவசரப்படுத்தினாள். அவர் வளையலை எடுத்துப் பெட்டியில் திரும்ப வைத்துவிட்டார்.

"நான் டாக்டர் இல்லீங்க. ஆனா இந்தக் கைக்கு நான் வளையல் போடமாட்டனுங்க."

அத்தனை பேர் கூடிய இடத்தில், வந்த வேலையைச் செய்யமாட்டேன் என்று ஒரு வியாபாரி சொல்வது லேசான காரியமில்லை. சிவப்பு மைக் கோடு போடுவது எப்படி என்று எனக்குத் தெரியும். பந்தி முடியட்டும், போய்க்கொள்ளலாம் என்று மாமியார் ஆரம்பித்தபோது எனக்கு வாய் திறந்தது. மூன்று நாளாக வலிக்கிறது, கண்ணுக்கு முன்னால் மின்னுகிறது என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். வீட்டுக்காரர் அப்படியே இலையை விட்டு எழுந்து, கழுவாத கையோடு கார்ச் சாவியை எடுத்தார்.

ஆஸ்பத்திரியில் நூற்று எழுபத்துநான்கு. இரண்டு நாள் மருந்தால் பிடித்து நிறுத்திப் பார்த்தார்கள், நிற்கவில்லை. வயிற்றைக் கிழித்து எடுத்தபோது என் மகள் ஒன்றேகால் கிலோ இருந்தாள். ஐந்து வாரம் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். நான் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஐந்து வாரத்தைப் பற்றி என்னால் எழுத முடியாது.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: அன்றைக்கு அந்த ஊறுகாயைத் தின்றிருக்கக் கூடாது. டாக்டரம்மா மாமியாரை உட்காரவைத்து விளக்கினார். ஒரு வாய் ஊறுகாயில் இது வருவதில்லை, உப்பை நிறுத்தினால் நிற்பதும் இல்லை, ஏன் வருகிறது என்று எங்களுக்கே முழுதாகத் தெரியாது, அளந்து பார்த்து நேரத்தில் பிடிப்பது ஒன்றுதான் வழி என்றார். மாமியார் எல்லாவற்றுக்கும் "சரிங்க, சரிங்க" என்றார். வெளியே வந்து போனை எடுத்து, "எல்லாம் அந்த ஊறுகாய்தானுங்க" என்று பொள்ளாச்சிச் சொந்தத்துக்குச் சொன்னார். எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் மறுத்துப் பேசவும் வாய் வரவில்லை. நர்சம்மாவிடம் நான் சொன்ன பொய் யாருக்கும் தெரியாது. அந்தப் பழியையும் சேர்த்து ஊறுகாய்தான் சுமந்துகொண்டிருந்தது.

இப்போது என் கொழுந்தனாரின் மனைவிக்கு ஏழாம் மாதம். போன ஞாயிற்றுக்கிழமை மகளுக்குப் பால் எடுக்கச் சமையலறைக்குள் போனபோது உப்பு ஜாடி மேல் தட்டுக்கு ஏறியிருந்தது. அந்தப் பெண் பார்லித் தண்ணீரும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். என் அறையிலிருந்து மெஷினை எடுத்து வந்து, தலை வலிக்கிறதா என்று கேட்டேன். அவள் மாமியாரைப் பார்த்தாள்.

"இல்லீங்க அக்கா. நல்லா இருக்கறனுங்க."

என் குரல்தான். ஒரு எழுத்து மாறவில்லை. பட்டையைக் கையில் சுற்றினேன். நூற்றைம்பத்தெட்டு. இப்போதுதான் மாடி இறங்கி வந்தாள், சித்த நேரம் கழித்துப் பார் என்றார் மாமியார். கழித்துப் பார்த்தேன். நூற்று அறுபது.

"நானும் அன்னிக்கு இப்படித்தான் சொன்னனுங்க அத்தை" என்றேன். "நர்சம்மா போன்ல கேட்டப்ப மண்டை வெடிச்சுது. வலியே இல்லைன்னு சொல்லிப்போட்டேன். பிரஷரையும் பார்க்காமப் பொய்யாச் சொன்னேன். ஊறுகா ஒன்னும் பண்ணலீங்க."

மாமியார் என்னையே பார்த்தார். அந்தப் பெண்ணுக்கு உதடு கோணியது. நாலு நாளாக வலிக்கிறது என்று சொல்லி அழுதாள். மாமியார் எழுந்து போய் அவளுடைய செருப்பை எடுத்து வந்து, குனிந்து, அவள் காலடியில் போட்டார். வீங்கிய கால் அதற்குள் நுழையவில்லை. வெறுங்காலோடு கூட்டிப்போய்க் காரில் ஏற்றினோம்.

நான் வண்டியை எடுத்தேன். பின்சீட்டில் அவள் கையைத் தன் மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்த மாமியார், பாப்பம்பட்டிப் பிரிவு தாண்டும்போது மெல்லக் கேட்டார்.

"நேத்து ராத்திரி என்ன கண்ணு தின்னே?"