பன்னிரண்டு கேட்டான் சாசிப்

பஸ்ராவில் மூன்று சக்கர மின்சார வண்டிகளுக்கு மோட்டார் கண்ட்ரோலர் கட்டுவதில் சாசிபை விஞ்ச ஆளில்லை. சிடுமூஞ்சி. பெண்டாட்டி விட்டுப்போனதில் எனக்கு ஆச்சரியமே கிடையாது. ஆனால் கண்ட்ரோலருக்குள் போகிற டிரான்சிஸ்டர் பொறுக்குவதில் அவனை ஏமாற்ற முடியாது. மேலே நூற்றிருபது ஆம்பியர் என்று போட்டிருந்தாலும் முப்பதுக்கு மேல் நம்பமாட்டான்.

"அந்தக் கணக்கெல்லாம் குளிர் ஊருக்கு. இங்க ஆகஸ்ட்ல தகரமே கொதிக்குது" என்பான். பஞ்சில் தின்னர் நனைத்து எழுத்தைத் தேய்ப்பான். அழிந்தால் போலி; குப்பைக்குப் போகும்.

கர்பலா தர்காவுக்கு ஜனங்கள் யாத்திரையாக நடந்து போகிற நாளில் கண்ட்ரோலர் கருகி என் வண்டி படுத்துவிட்டது. புருஷன் செத்ததிலிருந்து வருஷாவருஷம் அவர்களுக்குப் பந்தல் போட்டு ஐஸ் தண்ணீர் கொடுப்பது என் நேர்ச்சை. வண்டி ஓட்டுவது கொழுந்தன் மெஸ்ஹர். என்னை ஊரில் எல்லோரும் உம் பாலிஹ், அதாவது பாலிஹின் அம்மா, என்றுதான் கூப்பிடுவார்கள்.

"டிரான்சிஸ்டர் பன்னெண்டு வேணும், உம் பாலிஹ். தேறினது ஆறுதான். பாக்தாத்லேருந்து வர ஒரு வாரமாகும்."

"அதுக்குள்ள நடக்கறவங்க கர்பலாவே போய்ச் சேர்ந்துருவாங்கடா. ஆறையே போடு."

"மோட்டார் இழுக்கிற இழுப்பை ஆறு தாங்காது. சூட்டுல உள்ள ஒட்டிக்கிச்சுன்னா, ஆக்சிலேட்டர்லேருந்து கைய எடுத்தாலும் வண்டி நிக்காம பாயும்."

"பயந்தாங்கொள்ளி! உன்கூட எவ குடும்பம் நடத்துவா?"

முகம் சுருங்கிப்போனது. போட்டுக் கொடுத்தான்.

"பாதிச் சுமைதான். பாலத்துல ஏறக்கூடாது. மெஸ்ஹர்கிட்ட மறக்காம சொல்லிடுங்க."

"சொல்றேன், சொல்றேன்."

சொல்லவில்லை. பாதி வண்டி ஐஸோடு போனால் பக்கத்துப் பந்தல்காரி சிரிப்பாள். முழுசாக ஏற்றினேன். பாலத்தின் உச்சிக்குப் போனதும் வண்டி தன்னால் பாய்ந்தது. பிரேக்குக்கு அடங்கவில்லை. சுவரில் மோதி மெஸ்ஹரின் வலது கால் போயிற்று.

"போலிச் சரக்கை மாட்டிட்டான்" என்று ஊர் சாசிபைப் பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரி வாசலில், அத்தனை பேர் முன்னால், அவன் என்னிடம் கேட்டான்.

"உம் பாலிஹ், நான் சொன்னதை அவர்கிட்ட சொன்னீங்களா?"

நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் பிழைத்திருப்பான்.

"நீ என்னடா சொன்ன?" என்றேன்.

அதற்குப் பிறகு ஒருத்தரும் அவனிடம் வேலை கொடுக்கவில்லை. கடையை மூடி, அரிசிக் கிடங்கில் காவல் இருந்தான். போன வாரம் செத்தான்.

"அந்தப் போலிக்காரன் துக்கத்துக்கு நான் வரமாட்டேன்" என்றான் மெஸ்ஹர். ஊன்றுகோலை அவன் பக்கத்தில் சாய்த்துவிட்டுத் தனியாகப் போனேன். துக்க வீட்டு வழக்கப்படி கசப்புக் காப்பி கொடுத்தார்கள். குடித்தேன். திரும்பி வந்து மெஸ்ஹருக்குச் சோறு போட்டேன்.

இன்னும் அவனிடம் சொல்லவில்லை.