நான் அழித்த மூன்று வரிகள்

காலை ஏழு மணிக்கே செனாய் தொழிற்சாலையிலிருந்து போன். ஷிப்ட் பஸ் வழியில் செடெனாக் ஊரில் நிற்காமலே வந்துவிட்டது, பன்னிரண்டு பேர் ரோட்டோரம் நிற்கிறார்கள் என்றார் மேனேஜர் முத்தையா. பஸ்ஸில் ஏறுகிறவர்களின் பெயர்களைப் பதியும் வெப்சைட்டை எழுதியவன் நான். அதில் பெயர் சேவ் ஆகாத இடத்தில் பஸ் நிற்காது. எட்டு வருட அனுபவம், அதோடு திமிரும் இருந்தது. "சேவ் பட்டனை அமுக்கியிருக்க மாட்டாங்க சார்" என்றேன். இந்த வாய் சும்மா இருந்தால்தானே!

ஜொகூர் பாருவிலிருந்து நான் போய்ச் சேர்ந்தபோது, பெயர்களைப் பதியும் கிளார்க் மங்கை அக்காவை முத்தையா வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தார்.

"சிஸ்டம் நல்லாத்தான் இருக்காம். நீங்கதான் அமுக்கல. இனிமே வேற ஆளத்தான் பாக்கணும்."

"ரெண்டு தடவ அமுக்கினேன் லா, சார்." அக்காவின் கண் கலங்கியிருந்தது.

அவருடைய கம்ப்யூட்டரில் நானே அமுக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. பிழைகளைக் காட்டும் கன்சோலைத் திறந்தால் சிவப்பு எழுத்து: this என்பது undefined, அதாவது 'இது' எது என்றே தெரியவில்லை. அலமாக்! தப்பு என்னுடையதுதான்.

முந்தின நாள்தான் கோடிங்கைச் சுத்தம் செய்திருந்தேன். கிளாஸ் காம்பொனென்டின் கன்ஸ்ட்ரக்டரில், அதாவது அது உருவாகும்போது முதலில் ஓடும் பகுதியில், bind என்று மூன்று வரிகள் இருந்தன. ஒரு வேலையைச் செய்யும் ஃபங்ஷனை எடுத்து அதே பெயரில் திரும்ப வைப்பதுபோல் தெரியும். வெட்டி வரி என்று அழித்துவிட்டேன். ஆனால் பட்டனிடம் கொடுக்கும்போது ஃபங்ஷன் மட்டும்தான் போகும். பட்டியலை வைத்திருக்கும் எந்த ஆப்ஜெக்டை அது சேர்ந்தது என்ற விவரம் கூடவே போகாது. அந்தத் தொடர்பைக் கட்டிவைப்பதுதான் bind. அது இல்லாததால் பெயர்ப் பட்டியல் எங்கே என்று தெரியாமல் ஃபங்ஷன் விழுந்துவிட்டது. அழித்த பிறகு பக்கம் திறக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். பட்டனை அமுக்காதவன் நான்தான்.

"சார், அக்கா மேல தப்பே இல்ல. நான் கோடிங்ல கை வச்சதாலதான் கெட்டுப்போச்சு."

"அப்ப காலையில ஏன்யா அப்படி சொன்னீங்க?"

"பாக்காமலே சொல்லிட்டேன் சார். மன்னிச்சிருங்க."

அவர் அக்காவிடம் ஒரு சாரி சொல்லிவிட்டு வெளியே போனார். நான் வரிகளைத் திரும்பப் போட்டேன். அக்கா அமுக்கினார், சேவ் ஆனது.

"என்னைத் திட்டுங்கக்கா" என்றேன்.

"எதுக்குத் தம்பி? நீங்க உண்மைய சொல்லலன்னா, நான்தான் அமுக்க மறந்துட்டேன்னு நானே நம்பியிருப்பேன்."

காரணம் தெரியாத வரியை அழிக்காதீர்கள் என்று எங்கள் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். அமுக்கினேன் என்று ஒருவர் சொன்னால் முதலில் நம்புங்கள் என்றும் சொல்கிறேன். அன்று அக்கா திட்டியிருந்தால் ஒரு வாரத்தில் மறந்திருப்பேன். திட்டாமல் விட்டாரே, அதற்குத்தான் இன்றும் அவருக்கு நன்றி சொல்கிறேன்.