எழுதி வைத்த சிக்ஸர்

நாலாம் வகுப்பு விடுமுறையில், வரப்போவதை முன்கூட்டியே அறிந்த மனிதர் என் தாய்மாமா என்று நான் நம்பினேன். அந்த நம்பிக்கை மறுநாள் மதியம் வரைதான் தாங்கியது.

மாமாவுக்குப் பரவையில் பெண் பார்ப்பதற்காக நானும் அம்மாவும் எழுமலையிலிருந்து செல்லூருக்கு வந்திருந்தோம். மாமா அங்கே எரிந்துபோன விசைத்தறி மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். தறிச் சத்தத்தை மீறிப் பேசிப் பழகியதால் கணீரென்ற குரல். ஆனால் எதிலாவது முடிவு சொல்ல வேண்டி வந்தால் அந்தக் குரல் எங்கோ ஓடி ஒளிந்துகொள்ளும். "எது எழுதியிருக்கோ அதுதானக்கா நடக்கும்" என்பார் அம்மாவிடம். துணிக்கடையில் சட்டை எடுக்கும்போதும் இதுதான், பெண் பார்த்துவிட்டுத் திரும்பும்போதும் இதுதான். "பிடிச்சிருக்காடா இல்லையாடா?" என்று அம்மா தொண்டை வறளக் கேட்டும் பதில் வராமல், நல்ல சம்பந்தங்கள் பல கைநழுவிப் போயிருந்தன.

நாங்கள் வந்த அன்று சாயங்காலம் டிவி வேலை செய்யவில்லை. மாமா செல்போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்து மேட்ச் போட்டார். அவர் ஜன்னலோரம், நான் சுவரோரம்.

"மருமகளே, இந்தப் பந்து சிக்ஸு பாரு."

பந்து போடுகிறவர் அப்போதுதான் ஓடிவரத் தொடங்கியிருந்தார். பந்து கூட்டத்துக்குள் போய் விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "இவன் அவுட்டு" என்றார். அவுட். எனக்குப் புல்லரித்துவிட்டது.

"எப்புடி மாமா?"

"எல்லாம் முன்னாடியே எழுதி வச்சதுதான். அவன் பாவம், தானா அடிக்கிறதா நெனச்சுக்கிட்டு இருக்கான்."

மட்டையைத் தட்டி, கையுறையை இறுக்கி, அத்தனை யோசனையோடு நிற்கும் அந்த மனிதரைப் பார்க்க எனக்கு இரக்கமாக இருந்தது. அதே சமயம் பெரிய பாரம் இறங்கியது போலவும் இருந்தது. கணக்கில் நான் வாங்கிய மார்க்குக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று ஆகிவிட்டதல்லவா? தோசைக்குச் சட்னியா சாம்பாரா என்று அம்மா கேட்டபோது, "எது எழுதியிருக்கோ அதை ஊத்தும்மா" என்றேன்.  அம்மா மாமாவை முறைத்தாள்.

மறுநாள் பரவைக்குப் போனோம். பெண்ணின் அப்பாவுக்குக் காய்கறி மார்க்கெட்டில் கமிஷன் கடை. பெரியவர்கள் கூடத்தில் மழையைப் பற்றியும் கத்தரிக்காய் விலையைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்க, நான் தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனேன். அங்கே ஒரு தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், கல்கண்டு எல்லாம் அடுக்கித் தயாராக இருந்தன.

"யாருக்கு இது?" என்றேன்.

"உங்களுக்குத்தான் பாப்பா" என்றார் பெண்ணின் அம்மா. "போட்டோ வந்த அன்னைக்கே எம் பொண்ணு தலையாட்டிட்டா."

எங்கள் அம்மாவும் பெண்ணுக்குப் பூ வைப்பதற்காக மல்லிகைச் சரத்தை ஈரத்துணியில் சுற்றிப் பையில் கொண்டுவந்திருந்தாள். ஆக, எல்லாம் எழுதித்தான் வைத்திருக்கிறது! இந்த நற்செய்தியைச் சொல்ல, பக்கத்து அறையில் வளையல் போட்டுக்கொண்டிருந்த, நாங்கள் பார்க்க வந்த அந்த அக்காவிடம் ஓடினேன்.

"அக்கா, நீங்க பயப்படாதீங்க. எல்லாம் எழுதி வச்சாச்சு. எங்க மாமாவுக்கு எல்லாமே முன்னாடியே தெரியும்." சிக்ஸர் கதையையும் சொன்னேன்.

அக்கா யோசித்தார். "மேட்சு எதுல பாத்தீங்க?"

"போன்ல."

"எதுத்த வீட்ல டிவி ஓடுச்சா?"

"ஆமா."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு, வளையல் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். "போன்ல படம் லேட்டா வரும் பாப்பா. எதுத்த வீட்ல விசிலடிச்சா சிக்ஸு, அய்யோன்னா அவுட்டு. ஜன்னலோரம் உக்காந்தா நீயும் சோசியம் சொல்லலாம்."

என் தீர்க்கதரிசி அந்த இடத்திலேயே கவிழ்ந்தார். அக்கா சிரிப்பை நிறுத்திவிட்டு என் தோளைப் பிடித்தார்.

"உங்க மாமாகிட்டப் போயிச் சொல்லு. எழுதினது அது பாட்டுக்கு இருக்கட்டும். என்னைப் பிடிச்சிருக்கா இல்லையான்னு அவரு வாயால சொல்லணும். இல்லையா, காப்பியக் குடிச்சிட்டுக் கிளம்பச் சொல்லு."

கூடத்தின் நடுவில் நின்று, பள்ளிக்கூட உறுதிமொழி மாதிரி சத்தமாக அதை ஒப்பித்தேன். மறந்துவிடக் கூடாதே என்று, "எதுத்த வீட்டு டிவி விஷயத்தையும் அக்கா கண்டுபிடிச்சிட்டாங்க மாமா" என்றும் சேர்த்துக்கொண்டேன்.

கத்தரிக்காய் விலை பாதியில் நின்றது. மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா மின்விசிறியைப் பார்த்தாள். அக்கா நிலைப்படியில் வந்து நின்றார். மாமா எழுந்தார். கையிலிருந்த டம்ளர் சாய்ந்து காப்பி வேட்டியில் சிந்தியது. உதடு அசைந்தது, சத்தம்தான் வரவில்லை.

"கேக்கலைங்க" என்றார் அக்கா.

"பிடிச்சிருக்குங்க!"

தறிச் சத்தத்துக்கு மேலே பேசும் குரலில் வந்து விழுந்தது. "ரொம்பப் பிடிச்சிருக்கு. உங்களுக்கும் இஷ்டம்னா கட்டிக்கிறேன்."

பக்கத்து வீட்டுப் பெண்கள் வாசலில் எட்டிப் பார்த்தார்கள். பெண்ணின் அப்பா தொடையைத் தட்டிச் சிரித்தார். அம்மா பையைத் திறந்து பூவை எடுத்தாள். அக்கா சிரித்தபடியே சட்டென்று முகத்தைத் திருப்பி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மாமா காரணமில்லாமல் எல்லோருக்கும் எழுந்து இடம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"மாமா, அவங்க வீட்ல தட்டெல்லாம் முன்னாடியே ரெடியா இருந்துச்சு தெரியுமா?"

"தெரியும். உங்கம்மா காலையிலயே சொல்லிட்டா."

"அப்புறம் ஏன் காப்பிய வேட்டியில கொட்டிக்கிட்டீங்க?"

மாமா கம்பியைப் பிடித்தபடி வெளியே பார்த்துச் சிரித்தார். இரண்டு வீட்டிலும் தீர்ந்துபோன விஷயத்தைச் சொல்ல ஒரு பெரிய மனிதருக்கு ஏன் அப்படித் தடுமாற வேண்டும் என்பது எனக்கு அன்று விளங்கவில்லை. போட்டோ வந்த அன்றே தலையாட்டிவிட்ட அந்த அக்காவுக்கு, அதைக் காதால் கேட்டதும் கண் ஏன் கலங்க வேண்டும் என்பது அதைவிடவும் விளங்கவில்லை.