ஜவளகிரியில் காய்ச்சாத பால்

காலை ஆறு மணிக்குக் கிருஷ்ணகிரியில் பஸ் ஏறினேன். ஓசூருக்கு முப்பது மைலுக்கு மேல். சூளகிரி தாண்டியதும் குளிர் காதைக் கடித்தது. ஊர் பார்க்கும் ஆசையில் கிளம்பவில்லை. ஜவளகிரியில் என் தங்கை லட்சுமியின் கணவர் ஒரு மாதமாகக் காய்ச்சலில் கிடக்கிறார். சாயந்திரம் ஏறுமாம், விடிந்தால் வேர்த்து இறங்குமாம்.

பக்கத்து இருக்கைக்காரர் மாட்டு டாக்டர். பேச்சுவாக்கில் விஷயத்தைச் சொன்னேன்.

“வீட்ல மாடு இருக்குதா?”

“இருக்குதுங்க. மாசம் நெறையறதுக்குள்ள கன்னு செத்து விழுந்திருச்சாம்.”

அவர் வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார். “பாலைக் காய்ச்சித்தானே குடிக்கறாங்க?”

எனக்கென்ன தெரியும்! கன்றை வயிற்றிலேயே கொல்லும் கிருமி பச்சைப்பால் வழியாக மனிதருக்கும் வரும், காய்ச்சல் இப்படித்தான் விட்டுவிட்டு அடிக்கும் என்றார். ஓசூர் ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்க்கச் சொன்னார்.

தளிவரை வேறு பஸ். அப்புறம் காட்டோரமாக மாட்டுவண்டி, கூலி ஒன்றரை ரூபாய். வண்டிக்காரர் மாடுகளைக் கன்னடத்தில் திட்டினார், என்னிடம் தமிழில் யானைக்கதை சொன்னார். எதுவும் காதில் ஏறவில்லை.

சாயந்திரம் போய் இறங்கியதும் லட்சுமி டம்ளர் நிறையப் பால் கொண்டுவந்தாள். கறந்த நுரை அடங்கவில்லை.

“பாலைக் காய்ச்சலையா?” என்றேன்.

அவள் மாமியார் முந்திக்கொண்டார். “கன்னு போன மாட்டுப் பாலை அடுப்புல ஏத்துனா மடி வத்திரும் தம்பி. எங்க வழக்கம் அது. பையனுக்குத் தெம்பு வரட்டும்னு ரெண்டு வேளையும் பச்சையாத்தான் தர்றேன்.”

பாவம், மருந்தென்று நினைத்து அதையே ஊற்றியிருக்கிறார்! டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அம்மாள் முகம் சிவந்தது. “மகனுக்கு நானே விஷம் வெச்சேன்னா சொல்ற?”

கம்பளிக்குள்ளிருந்து மாப்பிள்ளை எழுந்து உட்கார்ந்தார். எலும்பும் தோலுமாக இருந்தார். “மடி வத்துனா வத்தட்டும்மா. என்னால இனி முடியல. காலையில மச்சான்கூட ஆஸ்பத்திரிக்குப் போறேன்.”

அம்மாள் பால் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

விடிந்ததும் வண்டி பூட்டினோம். மாப்பிள்ளையைப் படுக்கவைத்து நானும் ஏறிவிட்டேன். அம்மாள் ஒரு செம்போடு வந்தார். பாலில் ஆடை படிந்திருந்தது. வாங்கிய கையைச் சுட்டது.

“பொங்கப் பொங்கக் காய்ச்சிட்டேன்” என்றவர் குரலைத் தாழ்த்தினார். “தம்பி, லட்சுமிக்கு இது மூணாம் மாசம். வெக்கப்பட்டுக்கிட்டு உன்கிட்ட சொல்லல. நேத்து வரைக்கும் அவளுந்தான் பச்சையாக் குடிச்சா. ஒண்ணும் ஆகாதில்ல?”

நான் வண்டியிலிருந்து இறங்கினேன். வைக்கோலை ஒதுக்கி இன்னொருவருக்கு இடம் பண்ணிவிட்டு, வாசலைப் பார்த்துக் கூப்பிட்டேன்.

“லட்சுமி, நீயும் ஏறும்மா.”