நீலக் கவசத்துக்கு நான் போட்ட கையெழுத்து

கொரோனாவின் முதல் கோடையில் எங்கள் அரசு மருத்துவமனையில் முகக்கவசம் தீர்ந்துபோனது. ஒரே கவசத்தை நர்சுகள் வெயிலில் காயவைத்து ஐந்து நாள் கட்டினார்கள். நான் தொழிற்சாலை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்தத் தூசிக்கு எந்தக் கவசம் என்று அரிசி ஆலை முதலாளிகளுக்கு முப்பது வருடம் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறேன்; ஒருவரும் படித்ததில்லை. மாற்றுக் கவசங்களைச் சோதித்துச் சான்று தரும்படி மருத்துவமனைக் கண்காணிப்பாளர் கூப்பிட்டபோது, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். என் விதிமுறைகளை ஒரு மனிதர் தானாக முன்வந்து கேட்டது அதுவே முதல் தடவை.

களத்தில் இரண்டு கவசங்கள். ஆபரேஷன் கருவிகளைச் சுற்றி அவிக்கும் நீலத் துணியில் கடைத்தெரு டெய்லர் தைத்தது ஒன்று. வயலுக்கு மருந்தடிப்பவர்கள் மாட்டும், இரு கன்னத்திலும் வட்ட வடிகட்டி வைத்த ரப்பர் கவசம் இன்னொன்று. நீலம் லேசானது, எத்தனை வேண்டுமானாலும் தைக்கலாம். ரப்பர் கனமானது, உரக்கடைகளில் இருந்தால் உண்டு. நீலம் ஜெயிக்கவேண்டும் என்று எல்லோரும் விரும்பினார்கள். நானும்தான்.

சோதனை எளிது. கவசம் கட்டியவரின் தலையில் பாலிதீன் பையைக் கவிழ்த்து உள்ளே கசப்பு நீரைப் புகைபோல் அடிக்கவேண்டும். நாக்கில் கசந்தால் எங்கோ இடைவெளி இருக்கிறது. முறையான கரைசல் கிடைக்காததால் நிலவேம்புக் கசாயத்தை வடிகட்டி, சலூன்காரரின் ஸ்பிரேயரில் ஊற்றினேன். முதலில் கவசமில்லாமல் அடித்து, நாக்குக்குக் கசப்பு தெரிகிறதா என்று பார்க்கவேண்டும் என்பது விதி. ஒருவர் மூச்சுவிட்ட பைக்குள் இன்னொருவர் கவசமில்லாமல் மூச்சுவிடுவதா என்று அந்தப் படியை விட்டேன். காரணத்தை அழகான கையெழுத்தில் எழுதியும் வைத்தேன்.

"கால் மணி நேரத்துக்குள்ள ஏதாவது சாப்பிட்டீங்களா, குடிச்சீங்களா?"

"ஒண்ணும் இல்ல சார்" என்றார்கள் ஒன்பது நர்சுகளும்.

ஒருவருக்கும் கசக்கவில்லை. நீலம் தேறியது என்று கையெழுத்துப் போட்டேன். இரண்டு மணிக்குப் புதிய காய்ச்சல் வார்டு திறப்பதாக ஏற்பாடு. முதலில் நுழையவேண்டிய சின்ன சிஸ்டர், பால்குடிக் குழந்தையைத் திருவையாற்றில் அம்மாவிடம் விட்டு வந்திருந்தாள்.

"இதக் கட்டுனா எனக்கு வராதுல்ல சார்?"

"வராது" என்றேன். என் விதிமுறைகளில் எங்குமே அப்படியொரு வார்த்தை கிடையாது.

பதினொரு மணிக்கு அவசரப் பிரிவில் உட்கார்ந்து, இரண்டு கவசமும் வேலையில் எப்படி நிற்கின்றன என்று குறித்துக்கொண்டிருந்தேன். ஊரடங்கில் வெளியூர்ப் பிள்ளைகள் எல்லாம் திரும்பியிருந்ததால் வரப்புச் சண்டைக்கு ஆள்பஞ்சம் இல்லை. குடவாசல் பக்கம் ஒரு கோயில் நிலக் குத்தகைக்காகப் பங்காளிகள் வெட்டிக்கொண்டு வந்தார்கள். ஒருவனுக்குத் தோள் பிளந்து எலும்பு தெரிந்தது. ரப்பர் கவசம் மாட்டியிருந்த பெரிய சிஸ்டர் அந்தத் தோளில் முழங்கையை ஊன்றி ரத்தத்தை அடைத்தாள். சின்ன சிஸ்டர் நீலக் கவசத்தோடு கட்டுத்துணி எடுத்துக் கொடுத்தாள்.

எதிர்க்கட்சி உள்ளே புகுந்தது.

"குத்தகை ஒங்கப்பன் எழுதி வச்சதாடா?"

"ஆமாடா, ஒங்கப்பன் சாட்சிக் கையெழுத்து போட்டான். போய்க் கேளு!"

குளுக்கோஸ் ஸ்டாண்டு ஒருவன் மண்டையில் இறங்கியது. பல் ஒன்று தரையில் தெறித்தது. கூட வந்த அம்மாள் மடியை அவிழ்த்து, மிளகாய்ப்பொடியை அள்ளி அள்ளி வீசினாள். மின்விசிறி அதை அறை முழுக்கப் பகிர்ந்து கொடுத்தது. நான் மேசைக்கடியில் கிடந்து இருமினேன். சின்ன சிஸ்டர் சுவரைப் பிடித்துக் குனிந்து, வாந்தி வரும்வரை இருமினாள். பெரிய சிஸ்டர் கண்ணில் நீர் ஒழுக நின்றாள். ஒரு இருமல் இல்லை, முழங்கையையும் எடுக்கவில்லை.

போலீஸ் வந்து லத்தியால் வாசலைக் காலி செய்த பிறகு, சின்ன சிஸ்டரின் கவசத்தைக் கழற்றித் திருப்பிப் பார்த்தேன். உட்புறம் மூக்குத்தண்டின் இருபக்கமும் மிளகாய்ப்பொடி நுழைந்த சிவப்புக் கோடுகள் இரண்டு.

"அப்புறம் எப்படி ஒங்க கசப்பு உள்ள வரல?" என்று கேட்டாள் பெரிய சிஸ்டர். பிறகு அவளே சொன்னாள். "கேட்ல தெனம் ஆளுக்கு ஒரு டம்ளர் நிலவேம்பு குடுக்குறாங்க. அதக் குடிச்சிட்டுத்தான நேரா ஒங்ககிட்ட வந்தோம்."

"குடிச்சீங்களான்னு கேட்டேனே!"

"அது மருந்து சார். மருந்தயெல்லாம் கணக்குல சேப்பாங்களா?"

விட்ட படியைச் செய்திருந்தால் முதல் நாக்கிலேயே தெரிந்திருக்கும். கசந்து மரத்த நாக்குகளிடம்தான் கசக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

சான்றைத் திரும்பப் பெறக் கண்காணிப்பாளர் ஒப்புக்கொள்ளவில்லை. "பேப்பர் கலெக்டர் ஆபீசுக்குப் போயிடுச்சு. வார்டத் தெறக்கலன்னா வெளிய நிக்கிற ஜனம் என்ன கொன்னுடும்."

"தெறந்தா அந்தப் பொண்ணு செத்துடும்" என்றேன். சான்றின் நகலை அவர் மேசையில் வைத்து, என் கையெழுத்தின் மேல் கோடு கிழித்து, 'சோதனை செல்லாது. தவறு என்னுடையது' என்று எழுதினேன். அவர் பேப்பர்வெயிட்டை எடுத்து எறிந்தார். அது அலமாரிக் கண்ணாடியை உடைத்தது. பிறகு ஜீப் சாவியை எறிந்தார்.

பூட்டிய உரக்கடைகளைப் போலீஸை வைத்துத் திறக்கச் சொல்லி நான்கு ரப்பர் கவசங்கள் சேர்த்தோம். திரும்பும்போது மணி நாலு. காய்ச்சல்காரர்களை ஆட்டோவில் வைத்துக் காத்திருந்த கூட்டம், நிறுத்தியவன் நான்தான் என்று தெரிந்துவைத்திருந்தது. முதல் கல் ஜீப் கண்ணாடிக்கு. இரண்டாவது என் நெற்றிக்கு. அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. உள்ளே படுக்கை தயாராக இருக்க, இரண்டு மணி நேரம் வாசலில் மூச்சிரைத்துக் கிடந்தவர்கள்.

ரத்தம் சட்டைக்குள் ஓட, சின்ன சிஸ்டரை வாய் கொப்பளிக்க வைத்து, வெறும் முகத்தோடு ஒருமுறை கசாயத்தை அடித்தேன். "ஐயோ, கசக்குது!" என்று துப்பினாள். ரப்பர் கவசத்தோடு அடித்தேன். தலையை ஆட்டச் சொன்னேன், குனியச் சொன்னேன், சத்தமாகப் பேசச் சொன்னேன். கசக்கவில்லை.

"இப்ப சொல்லுங்க சார். வராதுல்ல?"

"தெரியாதும்மா. இது ஒழுகல. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

பட்டையை இன்னொரு துளை இழுத்து மாட்டிக்கொண்டு, வார்டுக் கதவைத் தோளால் தள்ளித் திறந்தாள்.