கட்டைவிரலில் இருந்த மை

ஒன்பதாம் வகுப்புக்குப் போகும் கோடை விடுமுறையில் கீழ்வேளூர் கிளை நூலகத்திலிருந்து ஒரு துப்பறியும் நாவலை எடுத்து வந்தேன். வெளிநாட்டுக் கதை, தமிழில். பெரிய பங்களா, செத்துக் கிடக்கும் கிழவர், பதினோரு சொந்தக்காரர்கள். கடைசியில் துப்பறிபவர் எல்லோரையும் ஒரே கூடத்தில் உட்காரவைத்து, நிதானமாகப் பேசிக்கொண்டே வந்து கொலையாளியைக் காட்டிவிடுவார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. கொலையாளி யாரென்று தெரிந்த பிறகும் நாலு தடவை படித்தேன், அப்பாவுக்கும் கதையைச் சொன்னேன். தெருவில் போகிறவர்களின் செருப்பைப் பார்த்து, எங்கே போய்வருகிறார்கள் என்று அவர்களிடமே சொல்வேன். அம்மா என்னை அதிகப்பிரசங்கி என்பாள். சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள்.

அந்த வருடங்களில் எங்கள் பக்கம் இறால் பண்ணைக்காரர்கள் வயல்களை வளைத்து வளைத்து வாங்கினார்கள். நெல் விளைந்த இடத்தில் குளம் வெட்டி உப்புத் தண்ணீர் நிறுத்தினார்கள். எங்களுக்கு இருந்தது மூன்று மா, அதாவது ஒரே ஒரு ஏக்கர். அதற்கு இரண்டு பக்கமும் குளம் வந்துவிட்டது. ஆற்றிலும் தண்ணீர் ஒழுங்காக வரவில்லை. அம்மா மட்டும் அசையவில்லை. மாதா படத்தின் முன்னால் அப்பாவை நிறுத்தி, வயலை விற்கமாட்டேன் என்று சத்தியம் வாங்கியிருந்தாள். வயலை விட்டால் ஊரை விட வேண்டும், ஊரை விட்டால் நாம் யார் என்று கேட்பாள். அந்தச் சத்தியத்தை நம்பித்தான் அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

ஒருநாள் அப்பா உரக்கடைக்கு என்று சொல்லி, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். மூன்று மணிக்கு வெறுங்கையோடு திரும்பினார். சட்டைப்பையில் படிக்கிற கண்ணாடி இருந்தது. உரக்கடையில் படிக்க என்ன இருக்கிறது? தண்ணீர்ச் செம்பை நீட்டும்போது அவருடைய இடது கட்டைவிரலைப் பார்த்தேன். நகக்கண்ணில் நீல மை. தலைமுடியில் தேய்த்துப் பார்த்திருக்கிறார், போகவில்லை. அப்பா எழுதப் படிக்கத் தெரிந்தவர். கையெழுத்துப் போடுகிறவரிடமும் விடாமல் கைநாட்டு வாங்குகிற இடம் பத்திரம் பதிகிற ரிஜிஸ்டர் ஆபீஸ்தான். அன்று சாயங்காலம் வயலைச் சுற்றிப் பார்க்கவும் அவர் போகவில்லை. காய்ச்சலிலும் அவர் விடாத நடை அது.

வயல் போய்விட்டதே என்ற துக்கம் எனக்குத் துளியும் வரவில்லை. கண்டுபிடித்துவிட்டேன் என்ற சந்தோஷம்தான் தொண்டை வரை நின்றது. எல்லோரும் கூடியிருக்கிற கூடம் ஒன்று வேண்டும். கதையில் பதினோரு பேர். எங்கள் வீட்டில் மொத்தமே மூன்று பேர். விளக்கு வைத்ததும் தினமும் முழங்காலிட்டுச் செபமாலை சொல்வோம். முடிந்ததும் ஆளுக்கொரு மன்றாட்டு. அதுதான் சமயம் என்று காத்திருந்தேன்.

முதல் மன்றாட்டு அம்மாவுடையது. "மாதாவே, இந்த வருசமாச்சும் ஆத்துல தண்ணி வரணும். எங்க வயல்ல நடவு நடக்கணும்."

அப்பா கண்ணைத் திறக்காமல் "ஆமென்" என்றார்.

அடுத்தது என் முறை. "உரக்கடைக்குப் போனீங்களே, உரம் எங்கப்பா?" என்று ஆரம்பித்தேன். கண்ணாடி, மை, போகாத நடை என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்க முடியாதுப்பா. வயலை வித்துட்டீங்க."

அம்மா அவர் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"நாளைக்குச் சொல்லலாம்னுதான் இருந்தேன்" என்றார் அப்பா.

"அப்ப இன்னிக்கு எதுக்கு ஆமென் சொன்னீங்க?" என்றாள் அம்மா.

கதையில் இந்த இடத்தில் போலீஸ் வந்து கொலையாளியைக் கூட்டிக்கொண்டு போகும். எங்கள் வீட்டுக்கு யார் வருவார்கள்? அப்பா முழங்காலிட்ட பாயிலேயே உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலையில் அம்மா விதைக்கு வைத்திருந்த நெல்லை அண்டாவில் கொட்டி அவித்தாள். அவித்த நெல் முளைக்காது. அன்றிலிருந்து செபமாலையைத் தனியாகச் சொன்னாள். மன்றாட்டு கேட்பதை நிறுத்திவிட்டாள்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தாலும் வயல் திரும்பி வந்திருக்காது. எனக்குத் தெரியாதா என்ன? ஆனால் அப்பா தன் வாயால் சொல்லியிருப்பார். அம்மா கத்தியிருப்பாள், ஒப்பாரி வைத்திருப்பாள், பத்து நாள் கழித்து முகம் பார்த்துச் சோறு போட்டிருப்பாள். அவருக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு நாள். பாவி நான், அதைப் பிடுங்கிக்கொண்டேன்.

ஆடி மாதம் அப்பா திருப்பூருக்குக் கிளம்பினார். பனியன் கம்பெனி ஒன்றில் வாட்ச்மேன் வேலை. அம்மா வாசல்வரைகூட வரவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு நான்தான் கூடப் போனேன். திருச்சி பஸ்ஸுக்கு நிற்கும்போது அப்பா கேட்டார்.

"அந்தக் கதையில, கண்டுபிடிச்சதுக்கப்புறம் அந்த வீட்டு ஆளுங்கள்லாம் எப்படிம்மா ஒண்ணா இருந்தாங்க?"

"அது புஸ்தகத்துல இல்லப்பா. கண்டுபிடிச்சதோட முடிஞ்சிடுது."

"சரிதான்" என்று பையை வாங்கிக்கொண்டு ஏறினார். திருப்பூரில் பன்னிரண்டு வருடம் இருந்தார். அம்மா ஒரு தடவைகூட அங்கே போகவில்லை. அவரை வரச் சொல்லவும் இல்லை.