மாமாவின் இங்கிலீஷ் கோபம்

என் அக்கா புருஷன் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். வாழ்க்கையில் ஒருவரையும் தமிழில் திட்டியதில்லை என்பதில் அவருக்கு அத்தனை பெருமை. உண்மைதான். எல்லோரையும் இங்கிலீஷிலேயே திட்டித் தீர்த்துவிடுவார். கிளட்சை மிதிக்காமல் கியர் போட்டால் 'இடியட்'. இண்டிகேட்டர் போடாமல் திரும்பினால் 'நான்சென்ஸ்'. எவனாவது குறுக்கே வண்டியை விட்டால் கண்ணாடியை இறக்கி, 'ஹூ த ஹெல் ஆர் யூ' என்று விசாரிப்பார். அவன் பதில் சொல்வதற்குள் கண்ணாடியை ஏற்றிவிடுவார். மேற்கொண்டு சண்டை போட அவரிடம் இங்கிலீஷ் கையிருப்பு கிடையாது.

"தமிழ்ல திட்டினா மனசுல தைக்கும் மச்சான். இங்கிலீஷ்ல திட்டினா வெறும் சத்தம். ஹார்ன் அடிக்கிற மாதிரி," என்பார் என்னிடம்.

கற்றுக்கொள்ள வருகிறவர்கள் அவர் இருக்கும்போது தலையாட்டிவிட்டு, முதுகுக்குப் பின்னால் 'நான்சென்ஸ் மாஸ்டர்' என்று பெயர் வைத்து மனதை ஆற்றிக்கொண்டார்கள்.

ஆபீஸைப் பார்த்துக்கொள்வது அக்காதான். யாருக்கு எப்போது வகுப்பு, எந்த வண்டி சர்வீசுக்குப் போக வேண்டும், எல்லாம் அவள் தலையில். போன திங்கட்கிழமை ஒரே வண்டியை ஒரே நேரத்துக்கு இரண்டு பேருக்குக் கொடுத்துவிட்டாள். வந்திருந்த அத்தனை பேர் முன்னாலும் மாமா, "யூ ஆர் குட் ஃபார் நத்திங்," என்றார். அக்கா சாவிக்கொத்தை மேசைமேல் வைத்துவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்துவிட்டாள். இனி அந்தப் பக்கம் போவதாக இல்லை என்றும் சொல்லிவிட்டாள்.

அவள் இல்லாமல் ஆபீஸ் நடந்த அழகைச் சொல்லி மாளாது. வார முடிவில் எல் போர்டு மாட்டிய கார் என் வாசலில் வந்து நின்றது. மாமா சவரம்கூடச் செய்துகொள்ளவில்லை. எனக்கு உள்ளுக்குள் குஷிதான், மறைப்பானேன்.

"சாரி," என்றார்.

அக்கா துணி மடித்துக்கொண்டே இருந்தாள்.

"வெரி சாரி. மை மிஸ்டேக்."

"இங்கிலீஷ்ல திட்டினா வெறும் சத்தம்னு நீங்கதானே சொல்வீங்க? அப்ப இந்த சாரியும் சத்தம்தான். தமிழ்ல சொல்லுங்க."

மாமா என்னைப் பார்த்தார். "மச்சான் இருக்காரே."

"திட்டும்போது ஊரே இருந்துச்சு," என்றவள், நழுவப் பார்த்த என்னிடம், "நீ உக்காருடா," என்றாள். உட்கார்ந்தேன்.

மாமா தொண்டையைச் செருமினார். "வீட்டுக்கு வா," என்றார். அது தமிழ்தான், ஆனால் அக்கா கேட்டது அதுவல்ல. அப்புறம் தண்ணீர் கேட்டார், கொடுத்தேன், குடித்தார். மேட்டில் நின்றுபோன வண்டியைக் கிளப்ப அவருடைய மாணவர்கள்கூட இப்படித் திணறியிருக்க மாட்டார்கள்.

"நான் அப்படிப் பேசினது தப்பு. என்னை… மன்னிச்சிடு."

கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டவருக்கே அது ஆச்சரியம். "தமிழ்ல சொன்னா மனசை என்னமோ பண்ணுதும்மா," என்றார்.

"எனக்கு இங்கிலீஷ்லயே பண்ணுச்சுங்க," என்றாள் அக்கா. "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து."

 மடித்து வைத்த துணிகளை மாமாவே ஒவ்வொன்றாக எடுத்து அவள் பையில் அடுக்கினார்.